அம்மாவின் குளியலறையில் குறைந்த ஐந்தரை அங்குலம்

திங்கட்கிழமை குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்ட ஆள் வருவதாக இருந்தது. வேலையாட்கள் இல்லாத முந்தைய ஞாயிற்றுக்கிழமை கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் எல்லா அறைகளையும் ஒரு முறை அளந்துவிடலாம் என்று நானும் மனைவியும் மகளும் கிளம்பினோம். அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்னும் மனம் பதறுகிறது.

சென்னிமலைப் பக்கம் போர்வை நெய்யும் குடும்பம் எங்களுடையது. மனை 4 சென்ட். வீட்டின் வரைபடத்தை நானே கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டம் ஓர் அடி என்று வைத்து, நான்கு மாதம் வரைந்தும் அழித்தும் முடித்தேன். அதைப் பார்த்துத்தான் பொறியாளர் ஒப்புதலுக்கான வரைபடம் போட்டுக் கொடுத்தார். முன்னால் 16க்கு 11 கூடம். பின்னால் ஒரே வரிசையில் அம்மாவுக்கு 11 அடி அகலத்தில் ஓர் அறை, அதை ஒட்டி 4க்கு 8 குளியலறை, அடுத்து மகளுக்கு 10 அடி அறை. பக்கவாட்டில் சமையலறை.

பழைய தொட்டிக்கட்டு வீட்டில் கழிவறை பொடக்காலியின், அதாவது கொல்லைப்புறத்தின், கோடியில் இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அம்மா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். இரவில் என் மனைவியை எழுப்பச் சங்கடப்பட்டு, பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதைக் கண்டுபிடித்த நாளில்தான் புது வீடு கட்டுவதென்று முடிவு செய்தோம். அறையோடு சேர்ந்த அந்தக் குளியலறைக்காகவே மற்ற அறைகளும் வந்தன என்று சொல்லலாம்.

அளப்பதற்கு நாங்கள் எடுத்துப்போனவை இரும்பு டேப், சுண்ணக்கட்டி, ஒரு நோட்டு, தூக்குக்குண்டு. டேப்பைத் தரையோடு வைத்து அளக்கக் கூடாது. பூச்சு வேலையில் வழிந்த கலவை சுவரடியில் இறுகிப்போய் அரை அங்குலம் வரை ஏமாற்றும். முழங்கால் உயரத்தில் ஒரு முறை, தலை உயரத்தில் ஒரு முறை அளந்தோம். நீளத்தையும் அகலத்தையும் இரண்டு ஓரங்களிலும் நடுவிலும் பார்த்தோம். பிறகு மூலைக்கு மூலை. 16க்கு 11 கூடம் சரியான மூலைமட்டத்தில், அதாவது மூலைகள் செங்கோணமாக, இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 19 அடி 5 அங்குலம் வர வேண்டும். ஒன்று அப்படியே வந்தது; இன்னொன்று ஒன்றரை அங்குலம் குறைந்தது. பூசிய சுவரை இதற்காகத் தொட வேண்டியதில்லை. தலைவாசல் பக்கம் நூல் பிடித்துத் தரை டைல்ஸைத் தொடங்கி, கோணலாக வெட்ட வேண்டிய துண்டுகளை ஷோகேஸ் வரும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டோம்.

சமையலறையில் குறை இல்லை. அம்மா அறை பூச்சுக்குப் பிறகு உள்கூடு சரியாக 11 அடி, மகள் அறை 10 அடி. மனையடி சாஸ்திரத்தில் 10, 11, 16 எல்லாம் ஏற்ற அளவுகள்; 9, 12, 13 ஆகாது என்பார்கள். அம்மா அதில் உறுதியானவர் என்பதால், இந்த அளவுகள் தப்பவே கூடாது என்று மேஸ்திரியிடம் கடைக்கால் போடும் நாளிலேயே சொல்லியிருந்தேன். அவர் சொல் தவறவில்லை என்று மகிழ்ச்சியோடு குளியலறைக்குள் போய் டேப்பை விரித்தேன். 4 அடி இருக்க வேண்டிய அகலம் 3 அடி 9 அங்குலம்.

இரண்டாவது முறை அளந்தேன். மகளை அளக்கச் சொன்னேன். அதே 3 அடி 9.

அங்கேயே சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரைந்தபோது 11, 4, 10 சேர்த்து 25 அடி. நான்கு சுவர்கள், ஆளுக்கு 9 அங்குலம் என்று 3 அடி. மொத்தம் 28 அடி. சுவரின் கனத்தைக் கூட மறக்காமல் சேர்த்திருக்கிறோமே என்று அன்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் 9 அங்குலம் என்பது செங்கல்லின் கனம் மட்டும். உட்பூச்சு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம். ஆகவே ஒவ்வோர் அறையிலும் பூச்சுக்கு ஓர் அங்குலம் போகும். இரண்டு அறைகளும் பூச்சுக்குப் பிறகு 11, 10 என்று நிற்பதற்காக மேஸ்திரி அவற்றுக்கு ஓர் அங்குலம் ஓர் அங்குலம் கூட்டி விட்டிருக்கிறார். மொத்தம் 28 அடியைத் தாண்ட முடியாதே. அந்த 2 அங்குலமும், குளியலறையின் சொந்தப் பூச்சு ஓர் அங்குலமும் சேர்ந்து 3 அங்குலம் அங்கே குறைந்துவிட்டது. குளியலறைக்கு யாரும் மனையடி பார்ப்பதில்லை. அதனால் வீட்டில் குறைவதெல்லாம் அதன் தலையில்தான் வந்து விழுகிறது.

அதோடு முடியவில்லை. டைல்ஸைக் கலவை வைத்து ஒட்டினால் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 அடி ஆறரை அங்குலம். குளியலும் கழிப்பும் ஒரே அறையில் இருந்தால் குறைந்தது 1.2 மீட்டர் அகலமும் 2.8 சதுர மீட்டர் பரப்பும் வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 1.2 மீட்டர் என்பது 3 அடி பதினொன்றேகால் அங்குலம். தாளில் நான் வரைந்தது அதைத் தாண்டியிருந்தது. டைல்ஸ் ஒட்டினால் இரண்டிலுமே குறைந்துவிடும்.

விதி இருக்கட்டும், அம்மாவால் முடியுமா என்று பார்க்க நினைத்தோம். கூடத்துத் தரையில் அதே அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, கோடியில் மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பை இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூலை வைத்தோம். அம்மாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். வாக்கரோடு உள்ளே நடந்தார். உட்காருவதற்காகத் திரும்பியபோது வாக்கரின் கால்கள் கோட்டுக்கு வெளியே போயின. மெதுவாகத் திரும்பச் சொன்னேன், அப்போதும் போயின. அங்கே நிஜச் சுவர் இருந்தால் அவர் பின்னாலேயே எட்டு வைத்துத்தான் வெளியே வர வேண்டும். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "போதும் சாமி, நான் எப்படியோ போய்க்கொள்கிறேன். கட்டிய சுவரை இடிக்காதே" என்றார். அந்த 'எப்படியோ' என்ற சொல்தான் என்னை முடிவெடுக்க வைத்தது.

அன்று மாலையே மேஸ்திரி வந்தார். "நீங்கள் கேட்ட அளவில் தப்பு விடவில்லைங்க" என்றார். உண்மைதான். குளியலறைக்குள் யார் எப்படி நடக்கப்போகிறார்கள் என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. பொறியாளரையும் வரவழைத்தோம். தூண்களும் பீம்களும் தாங்கும் கட்டடம் என்பதால், குளியலறைக்கும் மகள் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையின் பாரத்தைச் சுமக்கவில்லை; வாசலும் ஜன்னலும் இல்லாததால் அவற்றுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டையான லிண்டலும் அதில் ஓடவில்லை. அவர் சொன்ன வழி இது: 9 அங்குலச் சுவரை எடுத்துவிட்டு, மகள் அறையின் பக்கத்து முகம் இம்மியும் நகராமல் நாலரை அங்குலச் சுவர் எழுப்புவது. மகள் அறையின் 10 அடி அப்படியே நிற்கும். குளியலறைக்கு நாலரை அங்குலம் கிடைக்கும். மெல்லிய சுவரைக் கொத்திக் குழாய் பதிப்பது நல்லதல்ல என்பதால் குழாய்கள் எதிர்ச் சுவருக்கு மாறின. டைல்ஸையும் கலவைக்குப் பதில் பசை கொண்டு ஒட்டினால் பக்கத்துக்கு அரை அங்குலத்தோடு முடியும் என்றார்.

கதவையும் அப்போதே அளந்தோம். இரண்டரை அடி நிலை என்றால் மரத்தின் கனம் போக நடக்கும் வழி 2 அடி 1 அங்குலம்தான். நாளைக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் உள்ளே போகாது. கதவு இருக்கும் சுவரில் லிண்டல் முழு நீளமும் ஓடியிருந்ததால் நிலையை 3 அடியாக மாற்ற முடிந்தது. கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி கீலை மாற்றினோம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்.

எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆனது. ஈரம் காயும் நாட்களையும் சேர்த்து மூன்று வாரம் தள்ளிப்போனது. இதே டேப்பை மூன்று வரி செங்கல் எழும்பிய அன்று பிடித்திருந்தால் அரை நாள் வேலையில் சரி செய்திருக்கலாம். வரைபடத்தில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் செங்கல்லிலிருந்து செங்கல்லுக்கா, பூச்சிலிருந்து பூச்சுக்கா, டைல்ஸிலிருந்து டைல்ஸுக்கா என்று பக்கத்திலேயே எழுதி வைக்கும்படி, இப்போது வீடு தொடங்கியிருக்கும் என் பங்காளியிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

புதுச் சுவரைப் பூசி அளந்தபோது 4 அடி ஒன்றரை அங்குலம். டைல்ஸுக்குப் பிறகு 4 அடி அரை அங்குலம். அம்மாவை மறுபடி கூட்டிவந்தோம். வாக்கரோடு உள்ளே போனார், திரும்பினார், உட்கார்ந்து எழுந்தார், முன்னால் பார்த்தபடியே வெளியே வந்தார். பிறகு மீண்டும் உள்ளே போய், "இங்கே ஒரு கைப்பிடி இருந்தால் தேவலை சாமி" என்று எதிர்ச் சுவரில் கையை ஊன்றிக் காட்டினார். அது 9 அங்குலச் சுவர், போல்ட் நன்றாகத் தாங்கும். அவர் கை இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். தரையிலிருந்து 2 அடி 9 அங்குலம்.