கட்டிங் வீடியோவை விட்டேன், கெட்டுப்போன ப்ளவுஸைப் பிடித்தேன்

மூன்று வருடத்துக்கு மேல் யூடியூபில் தையல் சேனல் நடத்தி 214 வீடியோ போட்ட பிறகு, 2023 ஆடி மாசத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். எங்கள் தொழிலில் ஆடி என்றால் மிஷின் தூங்கும், முகூர்த்தம் கிடையாது, திண்டுக்கல்லில் என் கடைக்கு வருவதெல்லாம் ஓரம் அடிக்கிற சேலைகள்தான். முந்தின மாதம் யூடியூபில் சேர்ந்திருந்தது 1,140 ரூபாய். அதுவும் கைக்கு வராது, 100 டாலர் சேர்ந்தால்தான் பேங்குக்கு அனுப்புவார்கள். வீடியோவுக்காக லைனிங் துணியும் ஒரு மைக்கும் வாங்கிய செலவு அதே மாதம் 2,300. பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த நாத்தனார், "அண்ணி, நீங்க வீடியோ எடுக்கிற நேரத்துல அஞ்சு ஜாக்கெட் முடிச்சிருப்பீங்க" என்றாள். கோபம் வந்தது. கணக்கு என்னவோ அவள் சொன்னதுதான்.

சேனல் ஆரம்பித்த கதை எல்லாருக்கும் இருக்கிற கதைதான். 2020 ஊரடங்கில் கடை மூடியிருந்தது, காட்டன் மாஸ்க் தைப்பது எப்படி என்று ஒரு வீடியோ போட்டேன், சொந்தக்காரர்கள் தாண்டியும் யாரோ பார்த்தார்கள். அப்புறம் லைனிங் ப்ளவுஸ் கட்டிங், பிரின்சஸ் கட், சுடிதார் பேன்ட், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, நடுநடுவே சின்னாளபட்டிக்குப் போய்ச் சுங்குடி வாங்கிய வீடியோ, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்த வீடியோ, ஒரு தடவை பிரியாணிகூட. எது ஓடுமோ அதைப் போடுவோம் என்கிற நினைப்பு. எதுவும் ஓடவில்லை.

ஒன்றே ஒன்று ஓடியது, அதுதான் என்னை ரொம்ப நாள் ஏமாற்றியது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், செப்டம்பரில் யூடியூபின் குட்டி வீடியோவான ஷார்ட்ஸ் நம் நாட்டில்தான் முதலில் வந்தது, அப்புறம் எல்லாரையும்போல நானும் அதில் இறங்கினேன். சேலைக்கு மடிப்பு எடுத்து பின் குத்துகிற 30 வினாடித் துண்டு ஒன்று லட்சக்கணக்கில் போயிற்று. ஒரே வாரத்தில் 1,000 சப்ஸ்கிரைபரைத் தாண்டிவிட்டேன், கேசரி கிண்டினோம். விளம்பரப் பணம் வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபரோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும், ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடுகிற நேரம் அந்த 4,000-இல் சேராது என்பதெல்லாம் கேசரி தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஷார்ட்ஸ் வழியாகவே போகிற வசதி 2023-இல்தான் வந்தது, அதற்கும் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். சேலை மடிப்பு பார்க்க வந்தவர்களுக்கு என் 25 நிமிட கட்டிங் வீடியோ எதற்கு? எண்ணிக்கையில் இருந்தார்கள், வீடியோ போட்டால் ஒருவரும் வரவில்லை. அந்த 4,000 மணி நேரத்தைத் தொட இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

நடுவில் ஒருவரிடம் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். சேனலை வளர்த்துத் தருகிறேன் என்று ஃபோனில் பேசி மாதம் 6,000 வாங்கினார், இரண்டு மாதம். அவர் செய்ததெல்லாம் வீடியோவோடு தேடல் வார்த்தைகளைச் சேர்க்கிற டேக் என்கிற பெட்டியில் ஐம்பது வார்த்தையை நிரப்பியதுதான். எழுத்துப்பிழையாகத் தேடுகிறவர்களுக்குத்தான் அது கொஞ்சம் உதவும், மற்றபடி பெரிய பிரயோஜனம் இல்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

சரி, அந்த ஆடி மதியத்துக்கு வருகிறேன். யூடியூப் ஸ்டுடியோவில் அதுவரை நான் பார்த்ததெல்லாம் எத்தனை பார்வை, எத்தனை ரூபாய், அவ்வளவுதான். அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் ஒவ்வொரு வீடியோவாகத் திறந்து, எந்த நிமிடம் வரைக்கும் பார்க்கிறார்கள் என்று காட்டுகிற கோட்டைப் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் முதல் 40 வினாடியில் கோடு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. அந்த 40 வினாடியில் நான் என்ன செய்கிறேன்? வணக்கம் சொல்கிறேன், சேனல் பெயர் இசையோடு சுற்றுகிறது, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறேன், பெல் பட்டனை அமுக்கச் சொல்கிறேன்.

ஆனால் லைனிங் ப்ளவுஸ் வீடியோவில் ஒரு விசித்திரம். விழுந்துகொண்டே வந்த கோடு 11-ஆவது நிமிடத்தில் சின்ன மேடு மாதிரி ஏறி இறங்கியிருந்தது. அப்படி ஏறினால் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். போட்டுப் பார்த்தேன். கைக்குழி, அதாவது கை வந்து சேர்கிற வளைவை வரைகிற இடம். முன் பாகத்தின் கைக்குழியைப் பின் பாகத்தைவிட அரை இஞ்ச் உள்ளே குடைந்து வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் அக்குள் ஓரத்தில் சுருக்கம் விழும் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். பிரின்சஸ் கட் வீடியோவிலும் அதே மாதிரி மேடு, அதே கைக்குழி.

அப்புறம் கமெண்ட்டுகளைப் பழசிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். சூப்பர் சிஸ்டர், அருமை அக்கா எல்லாம் தள்ளிவிட்டுக் கேள்விகளை மட்டும் நாத்தனாரைவிட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். இரண்டு நாள் ஆனது. "அக்கா கை தூக்கினா ப்ளவுஸ் மேல ஏறுது", "தோள் இறங்கிட்டே இருக்கு", "கொக்கி போட்டா நடுவுல வாய் பிளக்குது", "அளவு ஜாக்கெட் வெச்சுதான் வெட்டினேன், ஆனா டைட்டா இருக்கு". ஒருவர்கூட எனக்குத் தையல் தெரியாது, முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. அதாவது இவர்களுக்குத் தைக்கத் தெரியும். தைத்து, கெட்டுப்போய், கெட்டுப்போன துணியை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனைத் தேடுகிறார்கள். நானோ மூன்று வருடமாக ஒன்றும் தெரியாத ஒருத்திக்கு டேப் பிடிப்பது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒருத்தி வரவே இல்லை.

முதல் வீடியோவுக்குக் கை தூக்கினால் ப்ளவுஸ் ஏறுவதை எடுத்துக்கொண்டேன். இதில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கை பிடிக்கிறது என்று கைக்குழியை இன்னும் கீழே இறக்கி வெட்டுவார்கள். இறக்க இறக்கத்தான் அதிகமாக ஏறும், ஏனென்றால் குழி அக்குளைவிட்டுத் தள்ளிப் போனால் கையைத் தூக்கும்போது பக்கத்துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தைத்து முடித்ததைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையைப் பிரித்து, தோள்பட்டைத் தையலை அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைத்துவிட்டு, கையைத் திரும்ப ஏற்ற வேண்டும். நீளமும் அரை இஞ்ச் குறையும், அடி மடிப்பில் துணி விட்டிருந்தால் இறக்கிக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஐந்தரை நிமிடம் போதும். வணக்கம் இல்லை, இசை இல்லை. நாத்தனார் கையைத் தூக்குகிறாள், ப்ளவுஸ் ஏறுகிறது, "இது ஏன் ஏறுதுன்னு பார்ப்போம்" என்று கத்தரியை எடுக்கிறேன்.

தலைப்பில்தான் தடுமாறினேன். முதலில் வைத்தது "ஆர்ம்ஹோல் கரெக்‌ஷன் முறை". பத்து நாளில் 300 பேர். அப்புறம் நோட்டில் இருந்ததை அப்படியே எடுத்து "கை தூக்கினா ப்ளவுஸ் மேல ஏறுதா?" என்று மாற்றினேன், கீழே விளக்கத்தில் அதையே ஆங்கில எழுத்திலும் தட்டினேன், நம் ஆட்கள் பாதிப் பேர் தமிழை அப்படித்தானே தேடுகிறார்கள். மெதுவாகத்தான் ஏறியது. மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் யூடியூப் தேடல் வழியாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், அந்த வீடியோவுக்கு இன்றைக்கும் வருகிறார்கள். ஷார்ட்ஸ் மாதிரி ஒரு வாரம் வெடித்து அடங்குகிற விஷயம் இல்லை இது.

இன்னொரு சஞ்சலமும் இருந்தது. 8 நிமிடத்துக்கு மேல் இருந்தால்தான் வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் வைக்கலாம். ஐந்தரை நிமிட வீடியோவில் அந்தப் பணம் போய்விடுமே என்று நான்கு வீடியோவை இழுத்து 9 நிமிடமாக்கிப் பார்த்தேன், கோடு பழையபடி கிணற்றில் விழுந்தது. விட்டுவிட்டேன். விஷயம் 9 நிமிடத்துக்கு இருந்தால் 9 நிமிடம், இல்லையென்றால் நாலு. முகப்புப் படத்திலும் என் சிரித்த முகத்தை எடுத்துவிட்டுச் சுருக்கம் விழுந்த இடத்தைப் பெரிதாகப் போட்டேன். மூன்று படம் வரை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி வந்த பிறகு சோதித்தேன், என் முகம் ஒவ்வொரு தடவையும் தோற்றது. கொஞ்சம் வருத்தம்தான்.

பணம் பற்றிப் பேசாமல் விட்டால் இதெல்லாம் அரைக்கதை. விளம்பரத்தில் 55 சதவீதம் நமக்கு, 45 அவர்களுக்கு, ஷார்ட்ஸில் 45 நமக்கு. என் சேனலுக்கு ஆயிரம் பார்வைக்கு நாற்பது ஐம்பது ரூபாய் நிற்கும், சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தமிழ் ஆட்கள் பார்க்கிற வீடியோவில் கொஞ்சம் கூடும். அமெரிக்காவில் பார்ப்பதற்கான பங்கில் அந்த நாட்டு வரி பிடிப்பார்கள். வரிப் படிவத்தை நிரப்பி நம் நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டினால் 15 சதவீதத்தோடு நிற்கும், நான் ஆரம்பத்தில் சோம்பேறித்தனமாக அதை விட்டுவைத்திருந்தேன். புது உள்ளடக்கத்துக்கு மாறிய பிறகு மாதம் எட்டிலிருந்து பதினொன்றாயிரம் வருகிறது. ஆடியிலும் வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிசு.

ஆனால் அதைவிட அதிகமாக வருவது பேப்பர் கட்டிங்கில், அதாவது துணிமேல் வைத்து வெட்டுகிற அளவுத் தாளில். கைக்குழி வளைவைச் சரியாக வரைய முடியவில்லை என்று கேட்டவர்களுக்கு 32 முதல் 42 வரை அளவு போட்டு பிடிஎஃப் ஆக 60 ரூபாய்க்குக் கொடுத்தேன். முதல் வாரமே திட்டு. பார்த்தால் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுக்கும்போது தாளுக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கிவிட்டிருக்கிறார்கள், 36 போட்டவருக்கு 34 போல வந்திருக்கிறது. ஒருவர் பட்டுத் துணியையே வெட்டிவிட்டார். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புதுத் துணி வாங்கி நானே தைத்து அனுப்பினேன், அந்த மாத லாபம் அதோடு போயிற்று. அதன் பிறகு பிடிஎஃபில் ஒரு மூலையில் 2 இஞ்ச் கட்டம் வரைந்து, டேப் வைத்துப் பாருங்கள், 2 இல்லையென்றால் வெட்டாதீர்கள் என்று எழுதினேன். அப்படியும் அளக்காமல் வெட்டினார்கள். கடைசியில் பிடிஎஃபை நிறுத்திவிட்டுக் காக்கித் தாளிலேயே வெட்டி, தபாலோடு சேர்த்து 150 ரூபாய்க்கு அனுப்புகிறோம். நாத்தனாருக்கு ஒரு கட்டுக்கு 40. இப்போது கணக்கு கேட்பது அவள்தான்.

பழைய 214 வீடியோவை அழிக்கவில்லை. பிரியாணியை மட்டும் மறைத்துவிட்டேன்.

இந்த ஆடிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கெட்டுப்போன ப்ளவுஸ் இருந்தால் அனுப்புங்கள், சரிசெய்து திருப்பி அனுப்புகிறேன், வீடியோ எடுத்துக்கொள்வேன் என்று சொன்னதில் இதுவரை பதினேழு வந்து கிடக்கின்றன. அதில் ஒன்பது கொக்கிப் பட்டி வாய் பிளக்கிற கேஸ். ஒன்றில் மட்டும் என்ன தப்பு என்றே இன்னும் பிடிபடவில்லை, அளவெல்லாம் சரியாக இருக்கிறது, போட்டால் இடது தோள் மட்டும் இறங்குகிறது. கழற்றி, மாட்டி, இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.