உப்பைத் தின்னும் கிருமி கிடையாது, சித்தப்பா

போன வாரம் சித்தப்பா ஒரு பாட்டிலோடு வீட்டுக்கு வந்தார். மணக்குடிப் பக்கம் அவருக்கு ஒன்றரை ஏக்கர் வயல். பழையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில். ஆற்றில் நீர் குறைந்தால் கடல்தண்ணீர் மேலேறி வந்துவிடும். 2004 சுனாமிக்கு அப்புறம் அந்த மண் பழைய மண்ணாக இல்லை என்பார்.

"மக்கா, இதுல உள்ள கிருமி மண்ணுல கெடக்க உப்பத் தின்னுருமாம். உள்ளதா?"

விலை அறுநூறு ரூபாய். லேபிளில் கதிர் படம், சிரிக்கும் விவசாயி படம், எல்லாம் இருந்தது. உள்ளே என்ன கிருமி என்று மட்டும் போடவில்லை. நுண்ணுயிரியல் பாடம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். அண்ணன் மகளிடம் முதலில் கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம், வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்.

உப்புக்கு அஞ்சாத கிருமிகள் நிறைய உண்டு. உப்பைத் தின்று தீர்க்கும் கிருமி கிடையாது. எந்த உயிரின் வயிற்றுக்குள் போனாலும் சோடியம் சோடியம்தான், கரைந்து காணாமல் போகாது.

உப்புக்கு அஞ்சாத கிருமிகளை நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டுக் கருவாட்டில். அம்மை வாளையும் சாளையும் கருவாடு போடுவாள். உப்பு, தாமரைக்குளம் உப்பளத்துக் கல்லுப்பு. மழைக்காலத்தில் ஈரம் கோத்துவிட்டால் கொஞ்ச நாளில் கருவாட்டின்மேல் இளஞ்சிவப்பாகப் படரும், ஒரு கெட்ட வாடையும் வரும். "செவப்பு விழுந்துட்டு" என்று அம்மை எடுத்துப் போட்டுவிடுவாள். உப்புப் போட்டால் எதுவும் கெடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு இது எப்படி ஒத்துப்போகும் என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. கெடுத்தது அந்த உப்புக்குள்ளேயே வந்தது.

எம்.எஸ்சி. படிக்கும்போது அந்த அளத்திலிருந்தே தண்ணீர் எடுத்துப் போனேன். கடல்தண்ணீரில் நூற்றுக்கு மூன்றரை பங்கு உப்பு. வெயிலில் வற்ற வற்ற அது 26 பங்கைத் தொடும்போதுதான் பாத்தியில் கல் விழ ஆரம்பிக்கும். அந்தக் கடைசிப் பாத்தியில் நமக்குத் தெரிந்த கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். மிஞ்சுகிறது இந்தச் சிவப்புக் கூட்டம். இவை பாக்டீரியாகூட இல்லை, ஆர்க்கியா என்ற தனி வம்சம். வெயிலை இழுத்துப் பாத்தித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதற்கு அந்தச் சிவப்பு உதவுகிறது. அளக்காரருக்கு அது சம்பளம் கேட்காத ஆள்.

அந்தத் தண்ணீரைக் கிருமி வளர்க்கும் தட்டில் விட்டுப் பன்னிரண்டு நாள் காத்திருந்தபின் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஆசையாக ஒரு புள்ளியைச் சொட்டு நல்ல தண்ணீரில் கரைத்து, கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் வெறும் கறை. சார் சிரித்துவிட்டு, "நல்ல தண்ணில போட்டுக் கொன்னுட்டியே" என்றார். இவை வெளியே உள்ள உப்புக்கு ஈடாக உள்ளே பொட்டாசியத்தைத் திணித்து வைத்திருக்கும். வெளியே உப்பு திடீரென்று குறைந்தால் வெடித்துவிடும். மற்றக் கிருமிகளை உப்பு எப்படிக் கொல்லுமோ, இவற்றை நல்ல தண்ணீர் அப்படிக் கொல்லும்.

எல்லாக் கிருமியும் இந்த வழியில் போவதில்லை. ஹாலோமோனாஸ் எலாங்கேட்டா என்று ஒன்று, கரீபியன் கடலில் போனேர் தீவின் உப்பளத்தில் கண்டெடுத்தது. அது உப்பை உள்ளே விடாமல், எக்டோயின் என்ற பொருளைத் தானே செய்து உடம்பில் நிறைத்துக்கொள்ளும். 1985இல் எகிப்தின் நாட்ரூன் பள்ளத்தாக்கிலிருந்து வந்த வேறொரு கிருமியில்தான் எக்டோயினை முதலில் கண்டார்கள். இன்று அது தோல் கிரீமிலும் கண் சொட்டு மருந்திலும் இருக்கிறது. அதை எடுக்கும் முறைதான் எனக்குப் பிடித்தது. 10 சதவீத உப்பில் வளர்த்து, திடீரென்று 2 சதவீதத் தண்ணீருக்கு மாற்றுவார்கள். கிருமி பதறிப்போய் எக்டோயினை வெளியே விடும், ஆனால் சாகாது. திரும்ப உப்பில் விட்டால் திரும்ப நிறைத்துக்கொள்ளும். இதற்குப் பால் கறத்தல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு அம்மை, "எந்த நேரம் கறப்பாவ?" என்றாள்.

சரி, வயல். உப்பில் நெல் திணறும்போது அதன் உடம்பில் எத்திலீன் கூடும். பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். வேர் வளர்வது நின்றுபோகும். வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் அந்த எத்திலீன் உண்டாவதற்கான மூலப்பொருளையே உடைத்துத் தின்றுவிடும். வேறு சில, பசை மாதிரி ஒன்றைச் சுரந்து சோடியத்தில் கொஞ்சத்தை வேருக்கு வெளியிலேயே பிடித்து வைக்கும். உப்பு மண்ணில் அப்படியேதான் கிடக்கும், பயிர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அவ்வளவுதான். அது சின்ன விஷயமில்லை. ஆனால் பாட்டிலில் எழுதியிருந்தது அது இல்லை.

ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தார் உப்பு மண்ணிலிருந்தே இப்படிப்பட்ட கிருமிகளைப் பிரித்து உரமாக்கியிருக்கிறார்கள். அதிலும் உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்) வேறு, களர் (சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்ட மண்) வேறு. களருக்கு ஜிப்சம் போடலாம். சித்தப்பாவுடையது கடல் தந்த உவர், அதற்கு நல்ல தண்ணீர் கட்டிக் கழுவி வடிப்பதுதான் முதல் வேலை. கிருமி அதற்கு அப்புறம். அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி விதைத்தால் போதும். வெயிலில் காயப்போட்டால் காசு போச்சு.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கும்பப்பூ நெல் சாகுபடிக்கு முன்னால் மண்ணைச் சோதிப்போம், மின்கடத்தும் திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால்தான் உவர் என்போம், நாலு இடத்தில் தோண்டி எடுத்து வாருங்கள் என்றேன். பாட்டிலை என்ன செய்ய என்று கேட்டார். தென்னை மூட்டில் ஊற்றச் சொன்னேன்.

நேற்று மண் வந்தது. கட்டை அவிழ்க்கும்போதே வாடை. அம்மை கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டுக் கவரிலேயே போட்டுக் கட்டியிருக்கிறார், மூலையில் உப்புத் தூள் வேறு. இதைச் சோதித்தால் எண் கடலுக்கே போய் நிற்கும். புதுக் கவர் நான்கு கொடுத்துத் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.