பிரேசஸும் அந்த லைஃப்டைம் மேக்ஸிமமும்

நாங்க டல்லாஸ் பக்கம் இருக்கோம். பையனுக்கு எட்டு வயசுல மேல்தாடை குறுகலா இருக்கு, பல்லு வர இடமில்லைன்னு எக்ஸ்பாண்டர் போடச் சொன்னாங்க. அண்ணத்துல உட்கார்ற ஒரு கம்பி சமாச்சாரம், நடுவுல ஸ்க்ரூ. தினம் ராத்திரி அவன் தலையை மடியில போட்டுக்கிட்டு, இவர் போன்ல டார்ச் அடிக்க, நான் குட்டிச் சாவியை அந்த ஓட்டைல விட்டு தொண்டைப் பக்கமா ஒரு தள்ளு. ஒரு தள்ளுக்கு கால் மில்லிமீட்டர்தான். ரெண்டு வாரத்துல முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல பெரிய சந்து விழுந்துடுச்சு, எங்கம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு "ஏன்டி, நல்லா இருந்த புள்ள பல்லை இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்க"ன்னு ஒரே புலம்பல். அது விழணும்மா, அப்பதான் தாடை விரியுதுன்னு அர்த்தம்னு சொன்னா கேக்கணுமே.

அதுக்கு பில் 2,800 டாலர். இவர் ஆபீஸ் டென்டல் இன்ஷூரன்ஸ் பிளான்ல ஆர்த்தோவுக்கு (பல்லு, தாடையை வரிசைக்குக் கொண்டு வர்ற ட்ரீட்மென்ட்) 50%, சொன்னபடி 1,400 குடுத்துட்டாங்க, நாங்களும் பரவால்லையேன்னு விட்டுட்டோம்.

பன்னெண்டு வயசுல ஃபுல் பிரேசஸ் (பல்லுக்குக் கம்பி), 5,200 டாலர். அதே 50% நெனப்புல போய் உட்கார்ந்தா ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு ஸ்கிரீனைப் பார்த்துட்டு "உங்களுக்கு இன்னும் 100 டாலர் இருக்கு"ங்குது! க்ளீனிங், ஃபில்லிங்குக்கான லிமிட் வருஷா வருஷம் புதுசாகும், ஆர்த்தோவுக்கு அப்படி இல்ல, ஆயுசுக்கும் சேர்த்து 1,500தானாம். பிளான் புக்லெட்ல இருந்திருக்கு, யாரு படிச்சா?

நல்லவேளை அது அக்டோபர். பிரேசஸை ஜனவரிக்குத் தள்ளி வெச்சுட்டு (புது பிளான் கவரேஜ் தொடங்குறதுக்கு முன்னாடியே மாட்டிட்டா ஏற்கனவே ஆரம்பிச்ச ட்ரீட்மென்ட்னு தட்டிக் கழிக்க வாய்ப்பிருக்கு), ஓப்பன் என்ரோல்மென்ட்ல (வருஷத்துக்கு ஒரு தடவை பிளான் மாத்திக்க விடுற சமயம்) அவனை என் ஆபீஸ் பிளான்லயும் சேர்த்தேன். அங்க லைஃப்டைம் 2,000, சேர்ந்து இத்தனை மாசம் காத்திருக்கணும்ங்கிற வெயிட்டிங் பீரியடும் இல்ல. ரெண்டு பிளான் இருந்தா எது முதல்ல குடுக்கணும்னா, அப்பா அம்மாவுல யார் பிறந்தநாள் வருஷத்துல முன்னாடி வருதோ அவங்களோடது, பிறந்த வருஷம் கணக்கில்ல. நான் மார்ச், இவர் நவம்பர். என்னோடது 2,000, இவரோட மிச்சம் 100. பாக்கி 3,100-ஐ எஃப்எஸ்ஏல (வைத்தியச் செலவுக்குன்னு சம்பளத்துல இருந்து ஒதுக்குற கணக்கு) போட்டோம், 2025க்கு லிமிட் 3,300, வரி பிடிக்காத காசு. இத்தனைக்கும் முன்னாடி ப்ரீ-டிடர்மினேஷன் அனுப்பச் சொல்லி எவ்வளவு வரும்னு பேப்பர்ல வாங்கிக்கிட்டேன், போன்ல கேட்டா ஆளுக்கொரு பதில்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. அந்த 2,000-ஐ மொத்தமா குடுக்க மாட்டாங்க, மொதல்ல கொஞ்சம், மீதி மாசாமாசம், கவரேஜ் இருக்கிற வரைக்கும்தான். என் மேனேஜர் எரிச்சல் மூட்டுறப்பெல்லாம் பையன் வாயைத்தான் பார்த்துக்கிறேன், இன்னும் பதினாலு மாசம் கம்பி இருக்கு.