சாவியில்லாமல் பூட்டுத் திறக்கப் பழகுகிறேன்: இதுவரை

கருவி வாங்கும் முன் வீட்டுச் சாவிகளை எல்லாம் மேசைமேல் கொட்டிப் பார்த்தேன். புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சாவியே பெரும்பாலும் சொல்லிவிடும்.

உருண்டைத் தண்டும் நுனியில் வெட்டுகளோடு தகடும் இருந்தால், அநேகமாக லீவர் பூட்டு. எங்கள் கொல்லைக் கதவில் தொங்கும் திண்டுக்கல் பூட்டு இந்த இனம்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகளான லீவர்கள் ஒவ்வொன்றையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும்; கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. 1778-இல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பட்டையான சாவி, ஒரு விளிம்பில் மட்டும் பள்ளங்கள் என்றால் பின் டம்ப்ளர்; சாவியோடு திரும்பும் உருளையை, ஸ்பிரிங் அழுத்தும் சின்னப் பின்கள் தடுத்து நிற்கும் பூட்டு. வாசல் கதவு நைட் லாட்ச்சும், படுக்கையறைக் கதவின் உருண்டைக் கைப்பிடிப் பூட்டும் இந்த வகை. மேசை இழுப்பறையின் மெல்லிய சின்னச் சாவி, பின்களுக்குப் பதில் மெல்லிய தகடுகள் தடுக்கும் வேஃபர் பூட்டுக்குரியது. சாவியின் தட்டைப் பரப்பில் குழி குழியாக இருந்தால் டிம்பிள். அதற்குக் கருவியே வேறு, இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

பின் டம்ப்ளரில்தான் தொடங்கினேன். லைனஸ் யேல் ஜூனியர் 1861-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. உலகமெங்கும் கதவுகளில் அதன் வாரிசுகள்தான். பின்களுக்கான துளைகளை எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அவை அச்சு அசலாக ஒரே கோட்டில் அமையாது. அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஏதாவது ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். அதைத் தேடித் தூக்கினால் மெல்லிய 'டிக்', உருளை இம்மியளவு நகரும், அடுத்த பின் இறுகும். முழு வித்தையும் இதுதான். இதை விரல் உணர்கிற கணம் அவ்வளவு இன்பமானது!

இதற்குப் பின்னைத் தூக்க நுனி வளைந்த ஒரு ஷார்ட் ஹுக்கும், உருளையைத் திருப்பிப் பிடிக்க வெவ்வேறு அகலத்தில் இரண்டு மூன்று டென்ஷன் கம்பிகளும் போதும். இருபது முப்பது கம்பி அடங்கிய பை வேண்டாம். ஹுக் 0.025 அங்குலத் தடிமன் இருந்தால் வளையாமல் உறுதியாக நிற்கும்; சாவித்துளை ஒடுக்கமாக இருந்தால் 0.018. டென்ஷன் கம்பிக்குத்தான் அதிக அக்கறை காட்ட வேண்டும். துளையின் விளிம்பில், பின்கள் இருக்கும் பக்கமாக நிற்கும் தட்டைக் கம்பி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஹுக் அசைய இடம் விடுகிறது. நுனி நெளிநெளியாக இருக்கும் ரேக் கம்பி வைத்துக் குடைந்தால் மலிவுப் பூட்டு சட்டெனத் திறக்கும், கைக்கு எதுவும் படியாது.

உள்ளே தெரியும் கண்ணாடிப் பூட்டு, நடப்பதைக் கண்ணால் பார்க்க மட்டும் உதவியது. உண்மையான பயிற்சி, பின்களைக் கழற்றி மாட்டக்கூடிய பித்தளைச் சிலிண்டரில்தான் (உருளையும் பின்களும் அடங்கிய பூட்டின் உட்பாகம்). முதலில் இரண்டு பின், கை பழகியதும் மூன்று, பிறகு நான்கு எனக் கூட்டினேன். இப்போது ஐந்து பின் சாதாரணச் சிலிண்டர் திறக்கிறது.

சொந்தப் பூட்டில் மட்டும் பழகுகிறேன். அதிலும் உபயோகத்தில் இருக்கும் கதவைத் தொடுவதில்லை. பின்னோ ஸ்பிரிங்கோ பழுதானால் சாவிக்கும் திறக்காமல் போகும்.

அடுத்தது ஸ்பூல் பின். இடுப்பு ஒடுங்கிய இந்தப் பின், உருளையைக் கொஞ்சம் திரும்பவிட்டு நிறுத்திவிடும். அழுத்தத்தைத் தளர்த்தினால் உருளை பின்வாங்கும். எந்த அளவுக்குத் தளர்த்துவது என்பதில்தான் இப்போது கை நிற்கிறது.