மூடுபனிக்கு மேலே 3 மில்லிமீற்றர்

ஹட்டனில் காலை முழுவதும் மூடுபனி. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மா, "இந்தக் குளிரிலும் முகம் ஏன் தம்பி இப்படிக் கறுக்கிறது?" என்று கேட்டார். ஓசோன் தரவோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் என்னிடம் நியாயமான கேள்விதான்.

முகத்தைக் கறுக்கவைப்பது வெயிலின் புறஊதாக் கதிர்; அதை வடிகட்டும் வாயுதான் ஓசோன். தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்கும் 0 பாகை செல்சியசுக்கும் கொண்டுவந்து பரப்பினால், உலகச் சராசரி 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதை 300 டொப்சன் அலகு என்கிறோம். நமது வெப்பவலயத்தில் அதுவும் தேறாது. சூரியனோ உச்சியில். ஆயிரம் மீற்றர் ஏற, புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும். மெல்லிய பனி அதைத் தடுத்துவிடாது. குளிர் நம்மை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்.

1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதி, வளிமண்டலம் திருப்பிச் சிதறவிடும் புறஊதா ஒளியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தே ஓசோனைக் கணக்கிட்டது. ஆனால் அந்தாட்டிக்காவின் ஓசோன் துளையை 1985இல் உலகுக்குச் சொன்னவர்கள், அங்குள்ள ஹாலி ஆய்வு நிலையத்தில், தரையிலிருந்தே ஓசோனை அளக்கும் பழைய டொப்சன் கருவியோடு இருந்த ஜோசப் ஃபார்மன் குழுவினர். செய்மதியும் பார்த்துத்தான் இருந்தது. ஆனால் 180 டொப்சன் அலகுக்குக் கீழான அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை என்று மென்பொருள் குறித்துவைத்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் அந்தப் பழைய கருவியின் மீதுதான் பாசம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா, "அந்தச் செய்மதி 950 கிலோமீற்றர் மேலேயிருந்து பார்த்ததே, நம் லயத்துக் கூரை ஒழுகுவது அதற்குத் தெரியவில்லையா?" என்றார்.