சாவியைக் கொடுத்தது நான்தான்

இரவு பதினொன்றரை மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தபோது, என் மகன் நண்பன் வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நம்பியிருந்தேன். அவனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். வாகனச் சோதனையில் மடக்கியிருக்கிறார்கள். கருவியில் ஊதச் சொன்னதில் 58 என்று காட்டியிருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம்.

அவனை லாக்கப்பில் அடைக்கவில்லை. 18 வயது நிறையாதவர்களை அங்கே வைக்கக் கூடாது, கைவிலங்கும் பூட்டக் கூடாது. சீருடை அணியாத ஓர் எஸ்.ஐ. அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்த நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலர். மேஜைமேல் என் ஸ்கூட்டரின் சாவி கிடந்தது. தொலைந்துபோகாமல் இருக்க நான் முடிந்துவிட்ட சிவப்பு நாடா அதில் அப்படியே இருந்தது.

“வண்டி யார் பெயரில் இருக்கிறது அம்மா?”

“என் பெயரில்தான் சார்.”

“அப்படியென்றால் உங்கள்மீதும் வழக்கு வரும்.”

மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி. மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. நாம் சம்மதித்துத்தான் கொடுத்தோம் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு.

அழைக்கும்போது, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவனை ஆஜர்படுத்துவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்து வந்தேன். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

இளைஞர் நீதிக் குழுமம் சினிமாவில் பார்க்கும் நீதிமன்றம் போல இல்லை. ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூக சேவகர்கள். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன்பே நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்திருந்தார். எப்போதிலிருந்து குடிக்கிறாய் என்று கேட்டார். “இது நாலாவது தடவை” என்றான். எனக்கு அதுவே புதிய செய்தி. பிறகு என் பக்கம் திரும்பி, “போன மாதம் எத்தனை நாள் அவனோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று நாள்.

குழுமம் அவனைக் கண்டித்து, கவுன்சலிங் போகவும், இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அரசு மருத்துவமனையில் சேவை செய்யவும் உத்தரவிட்டது. இந்த வழக்கு அவன் பிற்காலப் படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவு ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

என் வழக்கு வேறு நீதிமன்றத்தில். வக்கீல் நல்ல மனிதர். “உங்களுக்குத் தெரியாமல் சாவியை எடுத்துவிட்டான் என்று சொல்லலாம் மேடம். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது” என்றார். உண்மைதான், இடம் இருக்கிறது. ஆனால் டியூஷனுக்கு நேரமாகிறது என்று ஒரு வருடமாகத் தினமும் அந்தச் சாவியை அவன் கையில் கொடுத்தவள் நான். அன்று மாலையும் நான்தான் கொடுத்தேன். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்க, கூண்டில் ஏறிப் பொய் சொல்ல என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். 2024 மே மாதம் புனேயில் சொகுசு கார் மோதி இருவர் இறந்து, 17 வயதுச் சிறுவன்மீது வழக்குப் பதிவானபோது, அந்த வீட்டுப் பெரியவர்களை வாய்விட்டுத் திட்டியவள் நான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். 25,000 ரூபாய் அபராதம், நீதிமன்றம் கலையும் வரை சிறை. அதாவது, நீதிபதி எழுந்து போகும்வரை அந்த அறையைவிட்டு நகரக் கூடாது. பின்வரிசை பெஞ்சில், செக் மோசடிக்கும் அடிதடிக்கும் வந்தவர்களுக்கு நடுவே காலை பதினொன்றிலிருந்து உட்கார்ந்திருந்தேன். பெயர் கூப்பிடும் குரல் கேட்கும்போதெல்லாம் என்னைத்தானோ என்று உடம்பு தூக்கிப்போட்டது. ஐந்தே முக்காலுக்கு நீதிபதி எழுந்தார். வெளியே படிக்கட்டில் மகன் உட்கார்ந்திருந்தான். மதியம் சாப்பிடவே போகவில்லையாம்.

மறுவாரம் ஆர்.சி.யை ஒப்படைக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அவனையும் அழைத்துப் போனேன். பக்கத்து வரிசையில் அவன் வகுப்புப் பையன் ஒருவன், அந்த மாதம்தான் 18 நிறைந்தவன், பழகுநர் உரிமத்துக்காக நின்றிருந்தான். “நீயும் எல்.எல்.ஆருக்கா?” என்று கேட்டான்.

“இல்லை, எனக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது” என்றான் என் மகன்.