உள்ளீடுகளுக்கு இடையே அரை வோல்ட்

ஏற்காட்டு வீட்டின் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதை அறிவிக்க, கையிலிருந்த என்ஈ5532 ஆப்-ஆம்பை (இரு உள்ளீடுகளின் மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கும் சில்லு) ஒப்பீட்டுச் சுற்றாக, அதாவது எந்த உள்ளீடு உயர்ந்தது என்று காட்டும் சுற்றாக, இணைத்தேன். ஓர் உள்ளீட்டுக்கு 6 வோல்ட் கொடுத்தால் மற்றதும் அதன் பின்னாலேயே இழுபட்டது. சேலத்தில் வாங்கிய சில்லு போலியோ என்று சந்தேகித்தது என் அவசரம்.

இதன் திறந்த சுற்றுப் பெருக்கம் (பின்னூட்டம் இல்லாதபோது பெருக்கும் மடங்கு) ஏறத்தாழ 1,00,000 என்பதால், எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டை எதிர் உள்ளீட்டுக்கே திருப்பித் தருவது) இருக்கும்வரை 5 வோல்ட் வெளியீட்டுக்கு உள்ளீடுகளுக்கு இடையே 50 மைக்ரோவோல்ட் வேறுபாடே போதும். பின்னூட்டமற்ற ஒப்பீட்டுச் சுற்றிலோ அந்த வேறுபாடு பல வோல்ட் வரை விரியும்போது, உள்ளீட்டு டிரான்சிஸ்டர்களைக் காக்கச் சில்லுக்குள் உள்ளீடுகளுக்கு இடையே எதிரெதிராக வைக்கப்பட்ட இரு டையோடுகள் சுமார் 0.6 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடுகின்றன. மற்ற உள்ளீடு இழுபட்டது இதனால்தான்.

பழைய 741 ஆப்-ஆம்ப் உள்ளீடுகளுக்கு இடையே ±30 வோல்ட் வேறுபாட்டைத் தாங்கும், வயதானாலும் பொறுமைசாலி. ஆயினும் ஒப்பிடுவதற்கென்றே உருவான எல்எம்393-ஐத்தான் இறுதியில் பொருத்தினேன்.